கனவேடு: பிள்ளைப்பருவ ஆசை எங்கே இருக்கிறது?

மார்ச் 3
ஒவ்வொரு கனவிலும் ஓர் ஆசை நிறைவேறுகிறது, அதற்கடியில் பிள்ளைப்பருவத்தில் அடக்கிய ஆசை இருக்கிறது என்றார் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு. அது சரியா என்பதே கேள்வி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிந்து 20 ஆண்டு கழிந்தும் தேர்வு மண்டபத்துக்குத் தாமதமாக ஓடும் கனவு பலருக்கு வருகிறது. இதில் நிறைவேறும் ஆசை எது? தேறிய தேர்வுதான் இப்படி வரும் என்றார் ஃபிராய்டு: "அன்றும் பயந்தாய், ஒன்றும் ஆகவில்லையே" என்று நாளைய கவலைக்குக் கிடைக்கும் ஆறுதல். அது பொருந்துகிறது. ஆனால் ஆறுதல் வளர்ந்தவரின் இன்றைய தேவை. அதற்கடியில் பிள்ளைப்பருவ ஆசை உண்டு என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

மார்ச் 4
1899 நவம்பரில் வெளிவந்து 1900 என்று ஆண்டிட்ட 'கனவுகளின் விளக்கம்' நூலில் ஃபிராய்டு சொன்ன உவமை: நேற்றைய கவலை தொழில் தொடங்குபவர், அடக்கிய ஆசை முதல் போடுபவர். முதல் இல்லாமல் கனவு கிளம்பாது.

மார்ச் 7
ஏடு எழுதும் முறை. விழித்ததும் புரளாமல், கைப்பேசியைத் தொடாமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைவுகூர வேண்டும். நிகழ்காலத்தில் எழுதலாம். பேச்சு தமிழிலா ஆங்கிலத்திலா, கேட்டபடியே எழுத வேண்டும். மறந்த இடத்தில் கோடு போட்டு விடுங்கள். இடைவெளியை நிரப்பினால் கனவு கதையாகிவிடும். ஃபிராய்டே எச்சரித்த கோளாறு இது. வலப்பக்கத்தில், கனவு முழுதும் எழுதிய பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் நினைவுக்கு வருவதைக் குறிக்கலாம்: நேற்று நடந்தது, பிறகு 5 முதல் 7 நாள் முன் நடந்தது. "இது அம்மாவைப் பற்றியது" என்று தொடங்கினால் எல்லாத் துண்டும் அம்மாவிடமே போய்ச் சேரும். பிள்ளைப்பருவம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறது.

மார்ச் 12
ஃபிராய்டு சொன்னதில், அடக்கியது கனவில் வரும் என்ற பாதி நிற்கிறது. உளவியலாளர் வெக்னர் குழுவின் 2004 ஆய்வில், ஒருவரை நினைக்கக் கூடாது என்று படுக்குமுன் 5 நிமிடம் முயன்றவர்களின் கனவில் அவர் கூடுதலாக வந்தார். ஆனால் அது அன்றிரவு அடக்கிய நினைவு. நரம்பியல் உளவியலாளர் மார்க் சோம்ஸ் காட்டியதும் முக்கியம்: முன்மூளையின் ஆழத்தில், வேட்கையைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பாதை சிதைந்தவர்களுக்குக் கனவு நின்றுபோகிறது. ஆக, கனவுக்கு வேட்கை தேவை. அது குழந்தையுடையதாக இருக்க வேண்டியதில்லை. கனவு ஆய்வாளர் ஃபோல்க்ஸ் ஆய்வகத்தில் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் எதுவும் சொல்லவில்லை. சொன்னவையும் அசையாத படங்கள், விலங்குகள்.

மார்ச் 15
போரில் அதிர்ந்தவர்களின் கனவுகள் ஆசை நிறைவேற்றத்துக்கு விதிவிலக்கு என்று 1920இல் ஃபிராய்டே ஒப்புக்கொண்டார். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு முடிவை மாற்றி எழுதி, பகலில் 10 முதல் 20 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. பிள்ளைப்பருவத்தைத் தோண்டத் தேவையில்லை. மிகக் கொடிய கனவை முதலில் எடுக்க வேண்டாம், லேசானதில் தொடங்குங்கள். விபத்தோ வன்முறையோ பின்னணியில் இருந்தால் மனநல மருத்துவருடன் சேர்ந்து செய்வதே சரி.