சுடுமண் உருவங்களுக்கு ஊர் தேடியபோது

முதுகலை ஆய்வுக்காகக் கொழும்பில் ஒரு சேகரிப்பிலிருந்த சுடுமண் உருவங்கள் எங்கே கிடைத்தவை என்று தேடத் தொடங்கினேன். கூட இருந்த அட்டையில் "வடமேல் மாகாணம்" என்று மட்டும்தான் இருந்தது. புத்தளமும் குருநாகலும் சேர்ந்த மாகாணம் அது. எந்தக் குளத்தடியில் எடுத்தது என்று தெரியாவிட்டால், ஓர் உருவத்தோடு வேறு என்னென்ன கிடந்தன என்பதையும் நாம் இழந்துவிடுகிறோம். எனக்கு அதுதான் தாங்கமுடியாத இழப்பு.

பொறுப்பிலிருந்த அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்: "முகத்தைப் பிறகு பாருங்கோ தம்பி, முதல்ல அடியைத் திருப்புங்கோ." முதலில் எடுத்த ஒரு மனிதத் தலையின் அடியில் மையால் எழுதிய இலக்கம் பாதி அழிந்து போயிருந்தது. பக்கவாட்டில் டோர்ச் அடித்ததும் படிக்க முடிந்தது. அந்த இலக்கத்துக்கு வரவுப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: தப்போவ, உடைந்த மனித உருவம். தப்போவ புத்தளம் மாவட்டத்து ஊர்.

ஒரு வரியை நம்பி முடிவெடுக்க மனம் வரவில்லை. கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அதன் சஞ்சிகை ஸ்போலியா செய்லானிக்கா 1903இலிருந்து வருகிறது. 1939 முதல் 1963 வரை நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இந்த வகை உருவங்களைத் தப்போவ–மரதன்மடுவப் பண்பாடு என்ற பெயரில் ஒன்றுசேர்த்தார். மரதன்மடுவ வில்பத்துக் காட்டுக்குள் இருக்கிறது. அந்தச் சஞ்சிகையின் பழைய படங்களில் நான் முகச்சாயலைத் தேடவில்லை. முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். உடைந்த விளிம்பைத்தான் பார்த்தேன். கழுத்தில் உடைந்த கோடு, காதோரம் பெயர்ந்த சில்லு, இரண்டும் ஒரு படத்தில் அப்படியே இருந்தன. அந்தத் தலைக்கு ஊர் கிடைத்துவிட்டது!

அதே பெட்டியிலிருந்த ஒரு மாட்டுருவம் அவ்வளவு எளிதாக வழிவிடவில்லை. இலக்கமே இல்லை. கைக்கண்ணாடியால் பார்த்தால் உடைந்த பரப்பில் மணல் பருமனாகத் தெரிந்தது. அந்த மனிதத் தலையின் மண் நைசானது. மெல்லிய சீவல் வெட்டி நுண்நோக்கியில் கனிமங்களைப் பார்த்தால் இன்னும் சொல்லலாம். ஆனால் அதற்குப் பொருளிலிருந்து ஒரு துண்டு எடுக்கவேண்டும், அனுமதியும் வேண்டும். ஒரே ஆற்றுப் படுகையில் பல ஊர்களின் மண்ணும் ஒன்றுபோல இருக்கலாம் என்பதால் அந்தச் சோதனையும் ஊரைக் குறுக்கித்தான் தரும். அனுராதபுரத்தைச் சுற்றி நடந்த கள ஆய்வில் நிக்காவெவ என்ற இடத்தில் முறையாக எடுத்த உருவங்கள் இருப்பதால், ஒப்பிடவாவது ஓர் உறுதியான இடம் உண்டு.

மாட்டுருவத்தின் அட்டையில் "கிடைத்த இடம் தெரியாது" என்று எழுதக் கேட்டேன், அக்கா சம்மதித்தார். இதே வேலையில் இறங்குகிறவர்கள் உருவத்தின் அடியையும், அது இருந்த பெட்டியையும், பழைய அட்டையையும் தொடமுன் படம் எடுத்துவிடுங்கள்.