லயத்திலிருந்து கொரோனா மருந்து தேடிப் போனபோது பட்டதெல்லாம்

2021 ஓகஸ்டில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பார்மசி வாசல்களில் நின்றவர்களில் பலரிடம் மருந்துத் துண்டு இருக்கவில்லை. போனில் வந்த வாட்ஸ்அப் படத்தைத்தான் காட்டினார்கள். ஐவர்மெக்டின், அசித்ரோமைசின், டெக்சா என்கிற டெக்சாமெதசோன், கூட ஏதாவது ஒரு விட்டமின். 20ஆம் திகதி இரவு நாடு மூடப்படுகிறது, அதற்குள் வாங்கி வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். நாங்கள் போன கடையில் கவுண்டரில் நின்றவர் யாருக்கு, காய்ச்சல் எத்தனை நாள், சீனி வருத்தம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டை அட்டையாக வெட்டிக் கொடுத்தார். அப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய் வாங்கிய வீடுகளின் பணம் அது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தப் பட்டியலில் இருந்தவை எவை, எந்த நாளில், யாருக்கு வேலை செய்யும் என்பது அப்போதே ஓரளவு தெரிந்திருந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ரிகவரி ஆய்வு, அதற்கு முன் பேர் அடிபட்ட ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பயனில்லை என்று 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அசித்ரோமைசினும் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று அதே வருடக் கடைசியில் சொன்னது. ஐவர்மெக்டினை ஆய்வுக்கு வெளியே கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் சொன்னது. அந்த மருந்து பேரெடுத்ததே ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களில். அங்கே ஊற்றிய அளவு, மாத்திரை விழுங்கி மனித இரத்தத்தில் எட்ட முடியாத அளவு. இந்தச் செய்திகள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை. 2020 டிசம்பரில் கேகாலையிலிருந்து வந்த தேன், சாதிக்காய்ப் பாணியின் செய்திதான் வேகமாக வந்தது. அதை எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் கொரோனா வந்தது. கொத்தமல்லி, இஞ்சி அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதம், குடிக்கட்டும். சீனி வருத்தக்காரருக்குத் தேன் பாணியைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பதுதான் வினை.

டெக்சாமெதசோன் விஷயம் வேறு. அது உண்மையிலேயே உயிர் காத்த மருந்து, தப்பான நாளில் எடுத்தால் கெடுக்கும் மருந்தும் அதுதான். ரிகவரி ஆய்வில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில், டெக்சா கிடைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 29.3, கிடைக்காதவர்களில் 41.4. ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 23.3க்கு 26.2. ஒட்சிசனே தேவைப்படாதவர்களில் கணக்கு திரும்பிவிட்டது: டெக்சா எடுத்தவர்களில் 17.8, எடுக்காதவர்களில் 14.0. அந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் எழுதினார்கள், ஆனால் நன்மை எதுவும் தெரியவில்லை என்பது தெளிவு. காரணமும் விளங்கக்கூடியது. முதல் வாரத்தில் உடம்பு வைரஸை எதிர்க்க வேண்டிய நேரம், அப்போது டெக்சா போன்ற ஸ்டீரொய்ட் மருந்து அந்த எதிர்ப்பை அடக்குகிறது. இரண்டாவது வாரத்தில் எதிர்ப்பே எல்லை மீறி நுரையீரலைத் தாக்கும்போதுதான் அடக்குவது உதவுகிறது. முதல் நாள் காய்ச்சலுக்கே பெனடோலோடு டெக்சாவும் விழுங்கியவர்கள் எங்கள் டிவிஷனிலேயே இருந்தார்கள்.

அளவிலும் குழப்பம். ஆய்வில் கொடுத்தது நாளுக்கு ஒருமுறை 6 மில்லிகிராம், அதிகமாகப் போனால் 10 நாள். கடையில் கிடைத்த மாத்திரை 0.5 மில்லிகிராம். அப்படியானால் 6 மில்லிகிராமுக்கு 12 மாத்திரை. துண்டில் '6' என்று மட்டும் பார்த்தவர்கள் ஆறு மாத்திரை போட்டார்கள், பாதி மருந்துதான் உள்ளே போனது. டெக்சா இல்லாமல் பிரெட்னிசொலோன் எழுதினால் 40 மில்லிகிராம்தான் அதற்குச் சமம், 5 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. இதை வைத்து யாரும் தானாகத் தொடங்க வேண்டாம். வைத்தியர் எழுதித் தந்தபின் எண்ணிப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு. எழுதுகிறவரிடம் இரண்டு விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: சீனி இருக்கிறதா, கடைசியாக எப்போது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எடுத்தது. வெறுங்காலில் நடக்கும்போது தோல் வழியாக ஏறுகிற ஒருவகைப் புழு, ஸ்டீரொய்ட் கொடுத்ததும் உடம்பு முழுக்கப் பெருகி ஆளையே கொல்லலாம்.

ஆகவே மருந்தின் பெயருக்கு முன்னால் இரண்டு இலக்கம் வேண்டும்: அறிகுறி தொடங்கிய திகதி, ஒட்சிசன் அளவு. முதலாவதைச் சுவர்க் கலண்டரில் பேனையால் வட்டமிடுங்கள். பரிசோதனை செய்த நாளை எழுதிவிட்டு, தொடங்கிய நாளை மறந்துவிடுகிறார்கள். ஆள் சரிவது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்.

இரண்டாவதில்தான் மலைநாட்டுக்கே உரிய சிக்கல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு. நல்ல சுகமுள்ளவருக்கும், விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கிற ஒக்சிமீட்டரில் ஒன்றிரண்டு குறையலாம். அதனால் வீட்டில் காய்ச்சல் இல்லாதவர்களின் விரலிலும் போட்டுப் பார்த்து அந்த இலக்கங்களைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போனில் பேசும் வைத்தியர் கீழ்நாட்டில் இருந்தால், நீங்கள் எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது குளிர். விடியற்காலையில் பீலித் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்தவரின் விரலில் மாட்டினால் 86 காட்டும், அல்லது கோடு மட்டும் ஓடும். வீடே அலறும். கையைக் கம்பளிக்குள் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் ஆடாமல் வைத்து, இலக்கம் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய பெருவிரல், சுட்டுவிரல் வேண்டாம்; மோதிரவிரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மாட்டுங்கள். மருதாணி, நகப்பூச்சு இருக்கக்கூடாது. கருவி காட்டும் நாடித்துடிப்பையும் மணிக்கட்டில் கைவைத்து எண்ணியதையும் ஒப்பிடுங்கள். அது பொருந்தாவிட்டால் ஒட்சிசன் இலக்கத்தையும் நம்ப வேண்டாம். தலைகீழான பிழையும் உண்டு. கருந்தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது: மறைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு கறுப்பின நோயாளிகளில் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிடப்பட்டது. நம் ஆட்களுக்கு 94 என்றால் நிம்மதியாகப் படுக்க வேண்டாம். காம்பரா என்கிற லயத்து அறைக்குள்ளேயே 40 எட்டு நடக்க வைத்து மறுபடி பாருங்கள். 3 இறங்கினால் வைத்தியருக்குச் சொல்லுங்கள். 92க்குக் கீழே நின்றுவிட்டால், ஆள் சிரித்துப் பேசினாலும் அம்பியூலன்ஸ்தான். இந்த நோயில் மூச்சு முட்டாமலே ஒட்சிசன் இறங்கும்.

வீட்டுப் பராமரிப்புக்கு 1390 என்ற இலக்கம் இருந்தது. பெரும்பாலான வீடுகள் அதில் தடுக்கி விழுந்தது விலாசத்தில். அடையாள அட்டையில் பிறந்த தோட்டம், குடியிருப்பு கல்யாணம் கட்டிய தோட்டம். பெயர் அட்டையில் உள்ள விலாசத்தின் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்குப் போகும், அந்தப் பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தேடிவிட்டு ஆள் இல்லை என்று விட்டுவிடுவார். இங்கே கேட்டால் 'உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை, அங்கே கேளுங்கள்' என்பார்கள். அங்கே கேட்டால் இங்கே. நோயாளி இருக்கிற வீட்டுக்காரன் இரண்டு கந்தோருக்கும் நடுவில் பந்துபோல் உருண்டான். பரிசோதனைப் படிவம் நிரப்பும்போதே தோட்டம், டிவிஷன், லய இலக்கம், காம்பரா இலக்கம், இப்போது இருக்கும் இடத்தின் கிராம சேவகர் பிரிவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். படிவத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் இருந்தவர்களுக்கு வேலை நடந்தது.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பேசியதும் வந்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். டிவிஷன் பெயர் சொன்னால் மட்டும் அவர்களுக்கு வழி தெரியாது. பிரதான வீதியில் கிலோமீற்றர் கட்டை இலக்கம், பக்கத்துக் கோயில் அல்லது தொழிற்சாலை, தோட்டப் பாதை பிரியும் இடம் இவற்றைச் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு சந்தியில் நிறுத்துங்கள்.

ஒட்சிசன் சிலிண்டர் தேடிக் கீழே போனவர்கள் பட்ட பாடு தனி. சிலிண்டரைச் சுமந்துகொண்டு மேலே வந்த பிறகுதான் ஒட்சிசனை அளவாக வெளியே விடுகிற ரெகுலேட்டர் தரவில்லை என்று தெரியும். அது இல்லாமல் சிலிண்டர் வெறும் இரும்பு. சிலிண்டர் வாய் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, பொருத்திக் காட்டச் சொல்லித்தான் காசு கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சிலிண்டரின் லீற்றர் கொள்ளளவை அழுத்தமானி 'பார்' என்ற அலகில் காட்டும் அளவால் பெருக்கி, நிமிடத்துக்குப் போகும் லீற்றரால் வகுங்கள். 10 லீற்றர் சிலிண்டரில் 150 பார் என்றால் 1,500 லீற்றர். நிமிடத்துக்கு 2 லீற்றர் போனால் 12 மணித்தியாலத்துக்கு மேல் வரும், 5 லீற்றர் போனால் வெறும் 5 மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரைக்கும்தான் அது உதவி. வீட்டில் வைத்துக் குணப்படுத்துகிற சாமான் இல்லை.

லயத்தில் பெரிய பயம் நெருப்பு. காம்பராவுக்குப் பின்னால் விறகடுப்பு, முன்னால் சாமிப் படத்தடியில் விளக்கு. ஒட்சிசன் திறந்திருக்கும்போது இரண்டையும் அணைத்துவிட வேண்டும், பீடியும் கூடாது. தேங்காயெண்ணெய் பட்ட கையால் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. எண்ணெய்ப் பசை, அழுத்தத்தில் வரும் ஒட்சிசனோடு சேர்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும். சிலிண்டரைச் சுவரோடு கயிற்றால் கட்டுங்கள்.

பிற்பாடு வந்த பக்ஸ்லோவிட் போன்ற வைரஸ் மருந்துகள் அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பயன். பக்ஸ்லோவிட்டில் உள்ள ரிடோனவிர் கொலஸ்ட்ரோல் மாத்திரையான சிம்வாஸ்டட்டினோடு சேரக்கூடாது. கிளினிக் கொப்பியை எடுத்துப் போகாமல் யாரும் அந்த மருந்தைக் கேட்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடந்த கூத்து இன்னும் மோசம். 10 நாளுக்கு எழுதிய டெக்சா துண்டைக் காட்டி, களைப்புக்கு நல்லது என்று மறுபடி மறுபடி வாங்கிப் போட்டார்கள். கடைக்காரரும் திகதியைப் பார்க்காமல் கொடுத்தார். முகம் வீங்கி, சீனி ஏறிய பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள். மருந்து முடிந்த அன்றே அந்தத் துண்டின் மேல் 'முடிந்தது' என்று திகதியோடு எழுதி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். வாரக்கணக்காகத் தொடர்ந்து போட்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வைத்தியரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு சீனிப் பரிசோதனைக்கும் அப்போதே துண்டு கேட்டு வாங்குங்கள்.