தம்பியின் விமானம் எகிறிய வாரம்

ஜூலை 9, செவ்வாய், சுங்கை சிப்புட், மலேசியா

மதியம் தம்பி போன் செய்தான். "அக்கா, எனக்கு ஒன்னும் ஆகல. அப்பாகிட்ட பக்குவமா சொல்லு." விமானிப் பயிற்சியில் தனியாக ஓட்டிப் பழகும்போது விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போய்விட்டதாம். தோளில் பெல்ட் அழுத்திய காயம் மட்டும். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்த அப்பா முதலில் கேட்டது, "எண்ணெய் ஒழுகித் தீப்பிடிக்கலயே?"

ஜூலை 10, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிட்டதும் உள்ளங்கையை விமானமாக வைத்து மேசைமேல் இறக்கிக் காட்டினான். இந்தப் பயிற்சிக்கு 'டச் அண்ட் கோ' என்று பெயர். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல், இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிட்ட ஃப்ளாப் பலகையை மடக்கி, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மறுபடி எழும்ப வேண்டும். சுமார் 1000 அடி உயரத்தில் ஒரு சுற்று, அப்புறம் திரும்பவும் இறக்கம்.

அவன் ஓட்டியது செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானம். வேகம் கூடுதலாக இருந்ததால் தொட்டதும் எகிறியிருக்கிறது. பதற்றத்தில் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திவிட்டான். பின்னால் உள்ள இரண்டு சக்கரங்கள்தான் முதலில் தொட வேண்டும்; முன்சக்கரம் போய் இடித்தது. இன்னும் உயரமாக எகிறியது. மூன்றாம் முறை முன்சக்கரக் கால் மடங்கி, புரொப்பெல்லர் தாரில் அடித்துவிட்டது. அவன் காட்டிய படத்தில் அதன் முனைகள் வாழைப்பூ மடல் மாதிரி பின்னால் சுருண்டிருந்தன. முதல் எகிறலிலேயே முழு விசை கொடுத்து மேலே போயிருக்க வேண்டும் என்று அவனே சொல்கிறான். எல்லாம் சில நொடிக்குள்.

ஜூலை 12, வெள்ளி

"நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை தடுமாறினால் மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

ராத்திரி அப்பாவும் அவனும் எஞ்சினைப் பற்றியே பேசினார்கள். புரொப்பெல்லர் தரையில் அடித்தால் எஞ்சினைப் பிரித்து, உள்ளே சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டுமாம். "பின்னே? சுத்துற தண்டு சடக்குன்னு நின்னா உள்ள அடி வாங்காமலா இருக்கும்" என்றார் அப்பா.

ஜூலை 15, திங்கள்

விசாரணைக்கு வாக்குமூலம் எழுதினான். 'மூக்கை அழுத்தினேன்' என்ற வரியை எழுதத் தயங்கினான். எழுதச் சொன்னேன். விபத்து விசாரணையின் நோக்கம் மறுபடி நடக்காமல் தடுப்பதுதான், பழி சுமத்துவது அல்ல என்று அனைத்துலக விமானப் போக்குவரத்து விதிகளின் 13ஆம் இணைப்பே சொல்கிறது. அந்த ஒரு வரி இன்னொரு மாணவனைக் காப்பாற்றக்கூடும்.

வியாழக்கிழமை வாத்தியாரோடு மறுபடி பறக்கிறான். முதலில் இறங்காமல் மேலே எழும்பிப்போகும் பயிற்சி மட்டும். அப்பாவும் கூடப் போகிறார். பிரித்த எஞ்சினைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்.