31ஆம் நாளுக்குள் ஒரு நினைவு மலர்: நாட்குறிப்பு

31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும் மல்லாகத்தை வதிவிடமாகவும் கொண்ட, காலமான ஓர் அம்மாவுக்கு நினைவு மலர் செய்ய வேண்டும்: வாழ்க்கைக் குறிப்பு, படங்கள், பாடல்கள் சேர்த்து அச்சிடும் சிறு நூல். ஐந்து பிள்ளைகள், இரண்டு பேர் ஊரில், மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், சுவிஸ். பேரப்பிள்ளைகள் பதினொருவர், பூட்டப்பிள்ளைகள் இருவர். ஆவணி 12, வியாழன் காலை காலமானார். இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 31ஆம் நாள் செப்ரெம்பர் 27, சனி. அன்று காலை கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை, பிறகு வீட்டில் செய்யும் வீட்டுக்கிருத்தியம். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் மலர் இருக்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால் 19ஆம் திகதி கோப்பு அச்சகத்தில் நிற்க வேண்டும்.

முதல் வேலை, பிள்ளைகளுக்குக் கேள்வி அனுப்புவது. "அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேட்கவே கூடாது. இன்முகம், விருந்தோம்பல், இறைபக்தி என்று ஐந்து பேரும் ஒரே கட்டுரையைத்தான் அனுப்புவார்கள். அதே கட்டுரை போன மாத மலரிலும் இருக்கும். காலையில் எழும்பி முதலில் என்ன செய்வார், எதற்குக் கோபம் வரும், யாரோடு கதைக்காமல் இருந்தார், எந்தக் கறியை மற்றவர் கையில் விடமாட்டார், கடைசியாக வாங்கிய கடன் எதற்கு: இப்படிக் கேட்டு, பதிலைக் குரல் பதிவாக வாங்க வேண்டும். எழுதச் சொன்னால் மேடைத் தமிழ் வந்துவிடும். பேசச் சொன்னால் அம்மா வருவார்.

3 செப்ரெம்பர், புதன்

பிறந்த திகதிக்கு மூன்று விடை. சாதகத்தில் "விக்கிரம வருடம் மாசி". மூத்த மகள் சொல்வது 1940. அடையாள அட்டை இலக்கம் 41551 என்று தொடங்குகிறது.

இலங்கையின் பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 551இல் 500 போக 51. ஜனவரி 31 போக மிச்சம் 20, ஆகவே 1941 பெப்ரவரி 20. மாசி மாதத்தோடு பொருந்துகிறது. பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எண்ணும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே அந்தக் கணக்கு ஓடும். மறந்தால் ஒரு நாள் பிசகும்.

1940 எங்கிருந்து வந்தது? விக்கிரம வருடம் 1940 சித்திரையில் பிறந்து 1941 பங்குனியில் முடிகிறது. தையில், மாசியில், பங்குனியில் பிறந்தவர்களுக்குத் தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக மாற்றும்போது ஒரு வருடம் முன்னே போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அகவை 84.

கணக்குப் பார்த்தபின் அட்டை இலக்கத்தை மலரில் எங்கும் போடவில்லை. போடவும் கூடாது.

5 செப்ரெம்பர், வெள்ளி

திதி வெண்பா, அதாவது இறந்த திதியைச் சொல்லும் பாட்டு. இதில் பிழை விட்டால் ஓராண்டு முடிவில் வரும் ஆட்டத்திவசமே பிழையான நாளில் நடக்கும். ஆகஸ்ட் 27ஆம் திகதி பின்னேரம் சதுர்த்தி கழிந்து பஞ்சமி தொடங்குகிறது; 28 பின்னேரம் வரை பஞ்சமி. காலையில் போனதால் சிக்கல் இல்லை. பின்னேரம் ஆறு மணியளவில் என்றால் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெவ்வேறு திதி காட்டக்கூடும். அப்போது வீட்டுக் குருக்கள் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறவர் என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். மரணச் சான்றிதழில் உள்ள நேரமே கணக்கு. செய்தி வந்த நேரம் அல்ல.

இந்த வருடப் பெயர் வெண்பாவுக்குள் இலகுவில் அடங்காது. "விசுவாவசு" என்று ஒரே சீராக வைத்தால் நிரை நேர் நிரை, கனிச்சீர். வெண்பா தளை தட்டும். இரண்டாக உடைத்தால் நிற்கிறது:

விசுவா வசுவாண்டில் ஆவணித் திங்கள்
இசைந்த வளர்பிறை ஐந்தில் – திசைபோற்ற
அன்னை யெனவாழ்ந்த அம்மையார் ஈசனார்
பொன்னடி சேர்ந்த பொழுது.

அச்சில் மூன்றாம் அடியில் அம்மாவின் பெயர் வரும். அதற்கேற்ப முன்பின் சீர் மாறும். வெண்பாவுக்குக் கீழே உரைநடையிலும் ஒருமுறை, "விசுவாவசு வருடம், ஆவணி, பூர்வபக்கப் பஞ்சமி" என்று போட்டுவிட வேண்டும். சுவிஸிலுள்ள பேரனுக்கு "வளர்பிறை ஐந்து" விளங்காது.

8 செப்ரெம்பர், திங்கள்

படங்கள். அட்டைக்கு எல்லோரும் விரும்புவது ஒரு ஸ்டூடியோப் படம், பாஸ்போட் அளவு, 35க்கு 45 மில்லிமீற்றர். அதை ஏ5 முழுப் பக்கத்துக்கு இழுத்தால் நாலரை மடங்குக்கு மேல் பெருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கான் செய்து இழுத்தால் முகம் மாவாகிப் போகும். 1200இல் எடுத்தேன். அப்படியும் முழுப் பக்கம் விடாமல் 70 மில்லிமீற்றர் அகல நீள்வட்டத்துக்குள் வைத்தேன். அந்த அளவுக்கு 600 போதும், மிச்சம் கையிருப்பு.

1964 கலியாணப் படம் சட்டக் கண்ணாடியில் ஒட்டிப் போயிருக்கிறது. இழுக்க வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இழுத்தால் மேற்பூச்சு கண்ணாடியோடு போகும், முகம்தான் முதலில் போகும். கண்ணாடியோடே ஸ்கானரில் வைத்தாயிற்று. வெளியிலிருந்து வரும் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் "டொக்யுமென்ற்" ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் படமாகவே அனுப்புவார்கள்.

படங்களை மினுக்கும்போது கன்னச் சுருக்கத்தையும் அழித்துத் தரும்படி லண்டன் மகன் கேட்டார். தூசியையும் கீறலையும் மட்டும் எடுத்தேன். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் அதுதான்.

12 செப்ரெம்பர், வெள்ளி

இன்றைக்குக் கிடைத்தது ஒரு கணக்குக் கொப்பி. மூத்த மகள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது, 1996 நடுப்பகுதியிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தியவை இல்லை. போரால் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது கொஞ்சம் தொலைந்தது, 1995 ஒக்ரோபர் 30 இரவு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது மிச்சமும். இந்தப் பக்கத்து மலர்களில் 1995க்கு முந்திய படமோ கடிதமோ குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இருக்கும் ஒன்றிரண்டும் வெளிநாட்டுக்கு முன்பே அனுப்பியவை. ஆகவே பழைய படம் வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டியது ரொறன்ரோவில்.

கொப்பியில் வெங்காயம் விற்ற காசு, சீட்டுக் காசு, பசுவுக்குப் புண்ணாக்கு, பிள்ளைகளின் ரியூசன். ஓரத்தில் யாருடைய செத்தவீட்டுக்கு எவ்வளவு கொடுத்தது என்று. வாழ்க்கைக் குறிப்பின் நடுப்பகுதியை இதிலிருந்தே எடுத்தேன். "சிக்கனமானவர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அவர் கையெழுத்திலேயே ஒரு பக்கத்தைப் படமாகப் போட்டாயிற்று. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களைப் பிள்ளைகள் குரல் பதிவில் சொன்னதிலிருந்து சேர்த்தேன்: ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கு, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் தோய்த்த வெள்ளைச் சட்டைகள்.

15 செப்ரெம்பர், திங்கள்

கறித்தூள் பக்கம். மலரில் சமையற் குறிப்பு எதற்கு என்று ஊரிலுள்ள மகன் முகம் சுழித்தார். மற்ற நாலு பேரும் கேட்டது அதைத்தான்.

கொப்பியில் இருப்பது "செத்தல் 8 சுண்டு, மல்லி 6 சுண்டு". சுண்டு என்பது முகந்து அளக்கும் அளவு. இதை அப்படியே அச்சிட்டால் ஒருவருக்கும் உதவாது. காய்ந்த மிளகாய் சுண்டுக்குள் எவ்வளவு அமுங்கும் என்பது காம்பு, நீளம், கையழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. மூத்த மகளைத் தாயின் கைப்படி எடுத்து வைக்கச் சொல்லித் தராசில் நிறுத்தோம். ஒரு கிலோ செத்தலுக்கு மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், நற்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை இரண்டு பிடி.

ஒவ்வொன்றும் தனித்தனியாக வறுபட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் மல்லி மணக்கும் முன்னே சீரகம் கருகும். செத்தல் சிறு நெருப்பில், உடைத்தால் சடக்கென்று முறியும் வரை. வெந்தயம் வெளிர் பொன்னிறத்தில் இறங்க வேண்டும். சிவக்க விட்டால் இரண்டரைக் கிலோத் தூளும் கைக்கும், பிறகு திருத்த வழியில்லை. மில்லிலிருந்து சூட்டோடு வரும் தூளைக் கடதாசியில் பரப்பி நன்றாக ஆறவிட்டே போத்தலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிபடும்.

17 செப்ரெம்பர், புதன்

பாடல் பகுதி மெய்ப்பு. பஞ்சபுராணம், சிவபுராணம், திருப்பொற்சுண்ணம் இருபது பாட்டும், தாய்க்கு என்பதால் பட்டினத்தார் தாயின் ஈமத்தீ முன் பாடியவை, சகலகலாவல்லி மாலை. அச்சகங்களில் பழைய மலரிலிருந்து வெட்டி ஒட்டுவது வழக்கம். பழைய பிழையும் கூடவே வரும். சிவபுராணம் 95 அடி, எண்ணிப் பார்த்தேன், ஓரடி குறைந்திருந்தது. முதல் அடியிலேயே "வாஅழ்க" என்ற அளபெடையை யாரோ பிழையென்று நினைத்து "வாழ்க" ஆக்கியிருந்தார்கள்.

பழைய கோப்பு பாமினி எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றும்போது "ஸ்ரீ"யும் சில கொம்புகளும் இடம் மாறும். மாற்றியபின் கணினியை நம்பாமல் ஒருவர் வாசிக்க ஒருவர் ஏட்டைப் பார்க்க வேண்டும்.

வம்சாவழிக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் வாங்கித் தமிழாக்கினால் "தனுஷன்" "டனுசன்" ஆகிவிடும். அவரவர் தாயிடம் பெயரைச் சொல்லிக் குரல் பதிவு வாங்கினேன். மருமக்களின் பெயர் விடுபடுவதும், பிரிந்துபோன மருமகனைப் போடுவதா என்பதும் இந்தப் பக்கத்தில்தான் வெடிக்கும். அதை நான் தீர்ப்பதில்லை. மூத்த பிள்ளை ஒருவர் கையெழுத்து வைத்த தாளை வாங்கி வைத்துக்கொள்வேன்.

19 செப்ரெம்பர், வெள்ளி

கோப்பு போயிற்று. உள்ளே 48 பக்கம், ஏ5, சதுர மீற்றருக்கு 80 கிராம் தாள். அட்டை 250 கிராம், மங்கல் லமினேற். நடுவில் கம்பி அடிப்பதால் பக்க எண்ணிக்கை நாலால் பிரிய வேண்டும். 46இல் முடிந்த மலரைக் கணக்குக் கொப்பியின் இன்னும் இரண்டு பக்கம் நிரப்பிற்று. வம்சாவழியை 24, 25ஆம் பக்கங்களில் வைத்தேன். அங்கே மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே தாள். கோடுகள் நடு மடிப்பில் விலகாது.

300 பிரதி. ஒன்று ஏறத்தாழ 75 கிராம். ரொறன்ரோ மகளின் பெட்டியில் 100 போட்டால் ஏழரைக் கிலோ. கறித்தூளுக்கும் இடம் விட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

28 செப்ரெம்பர், ஞாயிறு

நேற்று 230 பிரதி போயிற்று. ஆட்டத்திவசத்துக்கென 25ஐ ஈரம் படாமல் பொலித்தீனில் கட்டி, உள்ளே இரண்டு வேப்பிலைக் கொத்து.

ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் "நூலகம்" தளத்துக்கு ஒரு பிரதியும் அச்சுக்குப் போன கோப்பும் போகின்றன. 2005இல் தொடங்கியதிலிருந்து ஆவணங்களைச் சேர்த்து வருகிறார்கள். நினைவு மலர்களும் அதில் அடக்கம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் ஒரே இடத்தில் வைத்திருப்பது புத்தியில்லை. அனுப்பும் முன் நன்றியுரைப் பக்கத்தில் வீட்டு இலக்கத்தையும் தொலைபேசி இலக்கங்களையும் எடுத்துவிட்ட இணையப் பிரதி ஒன்று தனியாகச் செய்தாயிற்று.

பட விளக்கத்தில் ஒரு பிழை: 37ஆம் பக்கத்தில் நிற்பது சின்னம்மா, அம்மா அல்ல. கைவசமுள்ள பிரதிகளில் ஒட்டத் திருத்தச் சீட்டு அடித்தாயிற்று. கோப்பையும் திருத்தியே அனுப்புகிறோம்.