மொரிசியஸுக்கு மாமியாரோடு

கோவையில் எந்த டிராவல்ஸ் ஆபீஸில் மொரிசியஸ் என்று சொன்னாலும் முதல் கேள்வி "ஹனிமூனா மேடம்?" என்பதுதான். பக்கத்தில் எழுபது தாண்டிய என் மாமியார் சுருக்குப் பையோடு உட்கார்ந்திருந்தும், மெழுகுவத்தி டின்னர், கட்டிலில் பூ அலங்காரம் என்று அச்சடித்த தாளைத்தான் நீட்டினார்கள். அத்தை அதை வாங்கிப் படித்துவிட்டு, "பூவெல்லாம் எதுக்குங்க, விலையைக் குறைச்சுக் குடுங்க" என்றார்.

பேக்கேஜை விட்டுவிட்டு நாங்களே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டோம். சைவம் மட்டும் சாப்பிடுகிற, நீச்சல் தெரியாத, ஆனால் ஊர் பார்க்க ஆசைப்படுகிற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போக இதைவிடத் தோதான வெளிநாட்டை நான் பார்த்ததில்லை. ஒரே நிபந்தனை, ரிசார்ட்டுக்குள் அடைந்துகொள்ளக் கூடாது. அந்த மதிலுக்குள் கிடைக்கிற கடலும் நீச்சல் குளமும் எந்தத் தீவுக்குப் போனாலும் கிடைக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் முன்கூட்டி விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. இறங்கியதும் கட்டணம் இல்லாமல் முத்திரை குத்துகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகியவற்றைக் கேட்பார்கள், தாளில் எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் ஆன்லைனில் பயணப் படிவம் ஒன்றையும் நிரப்பிவிட வேண்டும். மும்பையிலிருந்து நேரடி விமானம், ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னால் என்பதால் பெரியவர்களுக்குத் தூக்கமும் மாத்திரை நேரமும் குழம்புவதில்லை. மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம் கையில் இருக்கட்டும், வலி மாத்திரைகளில் சில அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மின் சிகரெட் கொண்டு போகவே கூடாது. கறிவேப்பிலை, விதை, செடி வகையெல்லாம் பெட்டியில் வேண்டாம். கறிவேப்பிலை அங்கேயே சந்தையில் குவிந்து கிடக்கிறது.

எப்போது போவது? பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் தலைகீழ். நமக்கு அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற மே மாதத்தில்தான் அங்கே குளிர்காலம் ஆரம்பம். நம் பள்ளி விடுமுறைக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. ஜனவரி முதல் மார்ச் வரை புழுக்கம், மழை, அத்தோடு புயல். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. புயல் எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தி அறிவிப்பார்கள். நான்கு என்றால் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. புத்தாண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்கும் முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்தான் முக்கியமான முடிவு. மொத்தத் தீவே 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம், ஆனாலும் திசைக்குத் திசை வானிலை வேறு. குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று வீசுவதால் கிழக்குக் கரையில் முகத்தில் மணல் அடிக்கும். மேற்கும் வடமேற்கும் அமைதி. நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் க்யூர்பீப் பக்கம் எப்போது பார்த்தாலும் மேகமும் தூறலும்தான், ஸ்வெட்டர் தேவைப்படும். நாங்கள் பாதி நாட்கள் மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் ஒரு வாடகை வீட்டிலும், மீதி நாட்கள் உள்நாட்டில் காத்ர் போர்ன் நகரத்திலும் தங்கினோம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சுகம். காய்கறிச் சந்தை இருக்கிறது, மெட்ரோ ரயில் இருக்கிறது, அப்புறம் கோர் தெ கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. அத்தைக்கு வேறென்ன வேண்டும்?

அந்த மெட்ரோ நம் எல் அண்ட் டி கட்டியது, இந்திய அரசின் உதவிப் பணத்தில். போர்ட் லூயியிலிருந்து க்யூர்பீப் வரை ஓடுகிறது. மற்ற இடங்களுக்கு பஸ். நடத்துநர் கொடுக்கும் டிக்கெட்டை இறங்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள், பரிசோதகர் ஏறுவார். கிராமப்புறங்களில் மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை நம்பாதீர்கள். டாக்ஸிக்காரர்கள் மீட்டர் போடுவதில்லை, ஏறும் முன்பே பேசி முடியுங்கள். கார் எடுத்தால் நம்மைப் போலவே இடப்பக்கம்தான். ஆனால் கரும்புக் காட்டு நடுவே போகும் சாலைகளில் ஓரம் என்று ஒன்று கிடையாது, வேகக் கேமராக்களோ நிறைய.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். தெருவில் இரண்டு சக்கரத்தில் கண்ணாடிப் பெட்டியோடு நிற்பவர்களிடம் தால் பூரி வாங்குங்கள். வேகவைத்து அரைத்த கடலைப்பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். அதில் பெரிய மொச்சைக் குழம்பு, தக்காளிச் சாறு, கொத்தமல்லிச் சட்னி தடவிச் சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். காலையில் காத்தோ பிமா, அதாவது நம் மசால் வடையே தான், கொஞ்சம் சிறிது. அதை வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டிக்குள் நசுக்கி வைத்துச் சாப்பிடுகிறார்கள். முதல் நாள் முகம் சுளித்த அத்தை அப்புறம் தினமும் அதையேதான் கேட்டார். போர்ட் லூயி மத்தியச் சந்தையில் அலூடா என்று பால், சப்ஜா விதை, கடல்பாசி போட்டுக் குளிரக் குளிர ஒரு டம்ளர் கிடைக்கும். காம்போடு சீவிய குட்டி அன்னாசியை மிளகாய், புளி, உப்பில் தோய்த்துத் தருவார்கள், விடாதீர்கள். சைவர்கள் ஊர் மொழியான கிரியோலில் "சான் லாவியான்" என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் சீனக் கடைகளில் கோழிக் குழம்பும் மீன் சாஸும் சாதத்திலேயே கலந்திருக்கலாம், இரண்டு முறை கேளுங்கள்.

கோயில் விசேஷம் ஒன்று வாய்த்தால் கட்டாயம் உட்காருங்கள். செத் காரி, ஏழு கறி, வாழை இலையில். பூசணி, பலாக்காய், ரசம், அப்பளம். எங்களை யாரென்றே கேட்காமல் பந்தியில் உட்கார வைத்தார்கள். பரிமாறிய பெண்ணின் குடும்பப் பெயர் வீராசாமி. அத்தை கொங்குத் தமிழில் ஊர் எது என்று கேட்க, அவர் சிரித்துக்கொண்டே கிரியோலில் பதில் சொன்னார். தேவாரத்தை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிறவர்கள் அவர்கள். பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் 1730களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள், போர்ட் லூயியைக் கட்ட. கரும்புத் தோட்டக் கூலிகள் வந்தது அதற்கும் நூறு ஆண்டு கழித்து. மொழி நழுவிவிட்டது, காவடி நழுவவில்லை. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை.

ரூபாய் நோட்டைச் சொல்லாமல் விட முடியாது. அங்கேயும் ரூபாய்தான், அவர்களின் ஒரு ரூபாய் நம் ரூபாயில் கிட்டத்தட்ட இரண்டு. ஒவ்வொரு நோட்டிலும் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுத்து, கூடவே தமிழ் எண்கள். 1998-இல் புது நோட்டில் இந்தியை முன்னுக்கும் தமிழைப் பின்னுக்கும் மாற்றி அச்சடிக்க, தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. நூறு ரூபாயில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், அங்குள்ள தமிழ் அரசியல்வாதி. அத்தை ஒரு நூறைச் செலவு செய்யாமல் முடிந்து வைத்துக்கொண்டார்.

போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் பார்க்க ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 1834 முதல் 1920 வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறை. மிஞ்சியிருப்பது பதினாறு கல் படிகளும் சில அறைகளும் மட்டுமே, ஆனால் பக்கத்தில் விளக்க மையம் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நகரமே மூடிக் கிடக்கும். கங்கா தலாவ் ஏரிக்கும் போனோம். எரிமலை வாயில் நின்ற தண்ணீர், கரையில் 33 மீட்டர் உயரச் சிவன். மகா சிவராத்திரிக்கு வெள்ளை உடுத்தி நாடு முழுவதிலிருந்தும் நடந்து வருகிறார்கள். குரங்குகளிடம் பிரசாதத்தைக் காட்டாதீர்கள்.

ஷமரெலின் ஏழு வண்ண மண்ணுக்குக் கொடுக்கும் விளம்பரம் அதிகம். அழகுதான், பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். அருவியோடு சேர்த்தால் ஒரு அரை நாள். பாம்ப்ளமூஸ் தோட்டத்து ராட்சத அல்லி இலைகள் எனக்கு அதைவிடப் பிடித்தன.

கடலுக்கு வருவோம். தீவைச் சுற்றிப் பவளப்பாறை அரண் இருப்பதால் உள்ளே தண்ணீர் குளம் போல நிற்கும், பல இடங்களில் இடுப்பளவுதான். அத்தை புடவையோடே இறங்கி உட்கார்ந்துவிட்டார். தெற்கே க்ரி க்ரி பக்கம் அரண் இல்லை, அங்கே அலையைப் பார்ப்பதோடு சரி. கால்களுக்கு ரப்பர் செருப்பு அவசியம். முள்ளெலி போன்ற கடல் உயிர்களும், கல் போலவே கிடக்கும் விஷ மீனும் உண்டு. அலை ஏறித் தொடும் மட்டம் வரை கரை சட்டப்படி பொதுச் சொத்து, அந்த மணலில் நடக்க விடாமல் எந்த ஹோட்டலும் தடுக்க முடியாது. ஞாயிறு மதியம் சவுக்குத் தோப்பு நிழலில் ஊர்க் குடும்பங்கள் குண்டானோடு வந்து பிரியாணி சாப்பிட்டு, ரவான் என்ற தோல் மேளம் தட்டி, சேகா என்ற தீவு நடனம் ஆடுவார்கள். காசு கொடுத்து ஹோட்டலில் பார்க்கும் சேகாவைவிட இது எவ்வளவோ மேல்.

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. வடக்கே கிராண்ட் பேயில் தங்கிவிட்டு விடியற்காலை விமானத்துக்கு ஓடுவது வீண் வேதனை. கடைசி இரவு பக்கத்தில் மஹேபூரில் தங்குங்கள், திங்கள் என்றால் பெரிய சந்தை கூடும். வெனிலா தேயிலையும், மஸவாரு என்ற மிளகாய் விழுதும் அங்கே வாங்கலாம். மிளகாய் விழுதைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே, இறுக்கமாகச் சுற்றி. பிளாஸ்டிக் பையை நம்பிப் போகாதீர்கள், அங்கே அதற்கு 2016 முதல் தடை.