என்ன பிள்ளைன்னு நீயே பார்த்துச் சொல்லு

ஆபரேஷன் தியேட்டரில் எனக்குப் பெரும்பாலும் விழுகிற வேலை பிள்ளை வாங்குவது. டாக்டர் வயிற்றைத் திறந்து எடுப்பார், நான் வெதுவெதுப்பான துணியை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டு வருஷமாக இதே இராமநாதபுரம் கடற்கரையில்தான் நர்ஸ் வேலை. முதலில் ஒரு தனியார் மருத்துவமனை, அப்புறம் அரசு வேலை கிடைத்தது. பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள்.

தனியாரில் இருந்தபோது நான் செய்த ஒரு காரியம் இன்னும் உறுத்துகிறது. பிள்ளையைத் துடைத்து, எடை போட்டு, சுற்றி, நேரே வெளியே கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்துவிட்டேன். அங்கே அதுதான் வழக்கம், யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். தையல் போட்டு முடித்து அம்மாவை வெளியே தள்ளிக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆனது, அதற்குள் வராண்டாவில் பிள்ளை நாக்கில் சீனித்தண்ணி தொட்டுச் சேனை வைத்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்ஆப்பில் சவூதி வரைக்கும் போய்விட்டது. ட்ராலியில் படுத்திருந்தவளிடம் நாத்தனார் போனை நீட்டி, "இந்தா, ஒம் மகளைப் பாரு" என்றாள். அவள் ட்ரிப் ஊசி குத்திய கையால் திரையைப் பெரிதாக்கி, பிள்ளையின் காதையும் மூக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இது எம் பிள்ளைதானே?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. ஊரே பார்த்து முடித்த பிறகு பெற்றவளுக்குக் காட்டியிருக்கிறோம்.

சிசேரியனில் இது நடப்பது எளிது. முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும், வலி இருக்காது, உள்ளே இழுப்பதும் அமுக்குவதும் மட்டும் தெரியும். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி மறைப்பு. ஒரு கையில் ட்ரிப், மறு கையில் பி.பி. பட்டை, இரண்டையும் பலகையில் நீட்டி வைத்திருப்போம். பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் காதில் விழும், கண் தியேட்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊசியாலும் ஏசி குளிராலும் பல் கிட்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். பிள்ளை நன்றாக அழுதால் தொப்புள்கொடியை வெட்ட ஒரு நிமிஷமாவது டாக்டர் பொறுப்பார், அதற்குள்ளேயே துடைக்க ஆரம்பித்துவிடுவேன். ஈரத்தோடு இருந்தால் தியேட்டர் குளிரில் பிள்ளை சட்டென்று சில்லிட்டுவிடும். சூடு கொடுக்கிற வார்மரில் வைத்து மூச்சைப் பார்ப்பேன். பிரசவ வலியே வராமல் நாள் குறித்து எடுக்கிற பிள்ளைகளுக்கு நுரையீரல் நீர் வற்றக் கொஞ்சம் தாமதமாகும், மூச்சு வேகமாக இருக்கும், அதனால் அதில் கண்ணாக இருக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் எடை, வைட்டமின் கே ஊசி எதுவாக இருந்தாலும் பிறகுதான். மறைப்புக்கு மேலே பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "என்ன பிள்ளைன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்பேன். பிற்பாடு பிள்ளை மாறிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில் வந்த நடைமுறை இது. ஆனாலும் அந்த வார்த்தையை முதலில் சொல்வது அவள் வாய்.

அப்புறம் கன்னத்தோடு கன்னம் வைப்பேன். கை கட்டிக் கிடந்தால் என்ன, கன்னம் இருக்கிறதே. கத்திக்கொண்டிருக்கிற பிள்ளை அங்கே வைத்ததும் பல நேரம் அடங்கிவிடும். மூச்சு சரியில்லாமல் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஓட வேண்டிய பிள்ளையைக்கூட, நிலைமை இடம் கொடுத்தால், பத்து வினாடி முகம் காட்டிவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

வெளியே நிற்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், அப்போது மட்டும் வராண்டாவில் அப்பாக்கள் நிறையத் தென்படுவார்கள். மற்ற மாதங்களில் அம்மாச்சிகளும் அப்பத்தாக்களும்தான். போன மாதம் ஒரு அப்பத்தா சீனித்தண்ணிக் கிண்ணத்தோடு கதவை மறித்துக்கொண்டு நின்றது. "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் நாந்தான் சேனை வச்சேன், எவனும் சோடை போகலை" என்றது. தேனும் வேண்டாம், சீனித்தண்ணியும் வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டி என்ன பிரயோஜனம். "ஆத்தா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ளே வா, ஒன் கையாலே பிள்ளையைத் தூக்கி மார்ல போடு. சீம்பாலைவிடவா சேனை?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தது. தையலில் இடிக்காமல் இருக்க, பிள்ளையை அம்மாவின் கக்கத்துப் பக்கமாக, கால் முதுகுப்புறம் போகிற மாதிரி வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்தோம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சப்பிவிட்டது. அப்பத்தாவின் அடுத்த கேள்வி, பால்சுறாப் புட்டு எப்போது கொடுக்கலாம் என்பது. கஞ்சி, இட்லி இறங்கட்டும், அப்புறம் தாராளமாகக் கொடு என்றேன்.

எல்லாரிடமும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் பேரன் காதில் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்ல, கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தியேட்டர் வாசலிலேயே காத்திருந்தார். "பாய், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "உம்மா பார்த்துட்டாளா? அவ பார்த்தப்புறம் கொண்டாங்க" என்றார். பார்த்துவிட்டாள் என்றதும் சட்டையில் கையை ஒரு தரம் துடைத்துக்கொண்டு வாங்கினார். வலது காதில், எனக்கே சரியாகக் கேட்காத மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் பிள்ளை தும்மியது. அவர் நிறுத்தி, சிரித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.