கடை மாதிரியா, பள்ளிக்கூடம் மாதிரியா

"இது கடை இல்லடா, பள்ளிக்கூடம்." நான் சொன்னது இவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்பு. 52-இல் இருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிக் கரும்பலகையில் போட்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் இன்னும் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். 35. ஐந்தை அடித்து நான்காக்கவில்லை, இரண்டின் மேல் 12 எழுதவில்லை. வெறும் விடை. யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டேன். யாரையும் பார்க்கவில்லை என்றான். அப்புறம் எப்படி வந்தது?

"பதினேழு ரூவாய்க்குச் சாமான் வாங்குனா அம்பது ரூவா குடுப்பாங்க டீச்சர். சில்லறைக்குன்னு ரெண்டு ரூவாயும் சேத்துக் குடுப்பாங்க. அப்ப முப்பத்தஞ்சு குடுத்துரணும்."

அவனுடைய அப்பத்தா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கண் பார்வை மங்கல். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுப்பது இவன்தான்.

அந்தப் பதிலை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேனோ தெரியாது. 52 ஏன் 52-ஆக இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த எண்ணுக்கு ஒரு காரணமும் கிடையாது. ஒன்றின் இடத்தில் சின்ன இலக்கம் மேலே வர வேண்டும், கடன் வாங்க வேண்டிவர வேண்டும், அதற்காக நானாகப் போட்ட எண். அவனோ அதைக் கொடுக்க ஓர் ஆளையே கடை வாசலில் நிறுத்திவிட்டான்.

அன்று இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. முறை இல்லை என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. "இது கடை இல்லடா, பள்ளிக்கூடம். கடன் வாங்கிப் போட்டுக் கொண்டா." இடத்துக்குப் போனான். 35-ஐ ரப்பரால் அழித்தான். மறுபடி போட்டுக் கொண்டுவந்தான். 45. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இருந்து இரண்டை எடுத்துவிட்டான். சரியான விடையை அழித்த தடம் தப்பான விடைக்கு அடியில் அப்படியே தெரிந்தது. அதன்மேல் நான் சிவப்பு மையில் சுழித்தேன்.

கடையாக இருந்தால் அவன் 45 ரூபாய் கொடுத்திருக்கவே மாட்டான். பத்து ரூபாய் நட்டம் என்று கை தானாக நின்றிருக்கும்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். யாருக்கு எது வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிக்கிறோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதே தெரியாமல் பாடம் நடத்திய வருடங்களும் எனக்கு உண்டு. ஆனால் 'இனமாற்றம் செய்து கழித்தல்', அதாவது கடன் வாங்கிக் கழிப்பது, வந்ததா என்று கேட்டால் இவனுக்கு நான் என்ன குறிப்பது? பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத்தான் கழித்தல் வருகிறது. அதுவும் இதே மாதிரி இரண்டு இலக்கக் கணக்குதான், எழுதிப் போடுவதுதான். இவனிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் வராத பிள்ளைகளோடுதான் சேர்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் சேர்த்தேன்.

எண் பெரிதானால் வாய்க்கணக்கு உதவாது, முறை வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் இரவு 403-இல் இருந்து 168-ஐ அவன் பாணியில் கழித்துப் பார்த்தேன். 168-க்கு இரண்டு போட்டால் 170. முப்பது போட்டால் 200. இருநூறு போட்டால் 400. அப்புறம் மூன்று. ஆக 235. நடுவில் பூஜ்யம் வந்தால் கடன் வாங்கும் முறையில் பெரிய பிள்ளைகளே தடுமாறுவார்கள். அந்தப் பூஜ்யம் இதில் குறுக்கே வரவே இல்லை. என் சமாதானம் அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது.

அதற்காக முறையே வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 2025 பிப்ரவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வேறு சிலரோடு சேர்ந்து செய்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனக்கணக்காகவே போட்டார்கள். அதையே தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் திணறினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேர்மாறு, தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். அப்படியானால் 'கடை இல்லடா' என்று நான் போட்ட கோடு என் வகுப்பில் மட்டும் இருப்பதில்லை. இது ஆறுதலா, இல்லை இன்னும் பெரிய குற்றமா என்று தெரியவில்லை. இரண்டு கரையையும் சேர்க்க ஏழு வயதைவிட நல்ல வயது வராது. அந்த வயதில் என் கையில் இருந்த பிள்ளை அவன்.

இரண்டு வாரம் கழித்து வாய்ப்பாடு கேட்டுவிட்டு, நடுவில் அவனிடம், "முப்பத்தொண்ணுல பதினாலு போனா?" என்றேன். எழுந்து நின்றான். "கடை மாதிரி சொல்லவா, பள்ளிக்கூடம் மாதிரி சொல்லவா டீச்சர்?"

குறும்பு இல்லை அதில். எந்த விடை வேண்டும் என்று நிஜமாகவே கேட்டான். இரண்டும் வேறு வேறு விடை என்றே நினைத்துவிட்டான். அதை நினைக்க வைத்தது நான். எப்படிச் சொன்னாலும் பதினேழுதான் வரும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பள்ளிக்கூடம் மாதிரி" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. அட்டையில் பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் வெட்டினேன். கடன் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். அது கடனும் இல்லை, யாரும் திருப்பித் தருவதில்லை. "ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாத்து" என்றேன். ஒரு தாளை வைத்துவிட்டுப் பத்துக் காசை எடுத்தான். ஐந்து தாள் நான்கானது, இரண்டு காசு பன்னிரண்டானது. நோட்டில் ஐந்தை அடித்து நான்கு எழுதினான், மேலே 12 எழுதினான். ஒரே நாளில் வந்துவிட்டது. அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகளுக்கும் வந்தது. இந்த இடத்தில் நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடைந்தேன், சில மாதங்கள்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். இப்போது அங்கேயும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பாதிப் பேர் சில்லறையே கேட்பதில்லையாம். அப்பத்தா என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். "முன்னெல்லாம் வாயிலயே சொல்லிருவான் டீச்சர். இப்ப பென்சில எடுத்து எழுதிப் பாத்துத்தான் சில்லறை குடுக்குறான். நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க." பெருமையாகத்தான் சொன்னார்.

பதின்மூன்று ரூபாய்க்குச் சாமான் வாங்கினேன். இருபது ரூபாய்த் தாளோடு மூன்று ரூபாயும் சேர்த்து அவன் கையில் வைத்தேன். பட்டென்று ஒரு பத்து ரூபாயை நீட்டுவான் என்று நினைத்தேன். அவன் பென்சிலைத் தேடினான். எதிரே நான் நின்றதனால்தான் அப்படிச் செய்தானோ என்னவோ.